அழகுச் சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியரின் தகைமையைப் பார்ப்பது எப்படி?

மூக்கைத் திருத்தவோ வயிற்றுக் கொழுப்பை அகற்றவோ எண்ணிக் கொழும்பில் வைத்தியர் தேடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது பெயர்ப்பலகையில் உள்ள பட்டத்தை. ‘அழகுச் சத்திரசிகிச்சை நிபுணர்’ என்ற பெயர் சிகிச்சையின் நோக்கத்தைத்தான் சொல்கிறது. செய்பவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்பதை அது சொல்வதில்லை. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையோ தனக்கென நீண்ட பயிற்சியும் பரீட்சைகளும் கொண்ட ஒரு துறை. எரிகாயத்தால் இறுகிப்போன கழுத்துத் தோலை விடுவிப்பது, உதட்டுப் பிளவைச் சேர்ப்பது, இயந்திரத்தில் சிக்கிய விரலைப் பொருத்துவது, புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட மார்பகத்தை மீளமைப்பது ஆகியவையே அதன் அன்றாட வேலை. அழகுக்காகச் செய்யப்படுபவை அதன் ஒரு பகுதி மட்டுமே.

இலங்கையில் அந்த நிபுணத்துவத்தை அடைய, எம்.பி.பி.எஸ். பட்டமும் உள்ளகப் பயிற்சியும் முடித்த வைத்தியர் ஒருவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சத்திரசிகிச்சையில் எம்.டி. பட்டம் பெற்று, அதன் பின்னர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கான சிறப்புப் பயிற்சியை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெற வேண்டும். பிரித்தானியாவிலும், பொது மருத்துவ சபையின் நிபுணர் பதிவேட்டில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கு இடமுண்டு. அழகுச் சத்திரசிகிச்சை என்று தனிப் பிரிவு இல்லை. ஆகவே ‘லண்டனில் பயின்றவர்’ என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. சில நாள் பட்டறைக்கும் சான்றிதழ் உண்டு, அதையும் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டலாம்.

சனல் பண்ணுவதற்கு, அதாவது வைத்தியரைச் சந்திக்க நேரம் பதிவதற்கு முன், வைத்தியரின் முழுப்பெயரையும் பதிவிலக்கத்தையும் கேட்டு வாங்கி, இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இருப்பது அவர் வைத்தியர் என்பதற்கு மட்டுமே சான்று. எந்தத் துறையில் நிபுணர் என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். சென்னைக்குப் போக நினைப்பவர்கள், அங்கே சத்திரசிகிச்சையில் எம்.எஸ். பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுகள் பயின்று பெறும் எம்.சிஎச். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பட்டத்தைத் தேடலாம். ஆனால், ஊர் திரும்பிய பிறகு காயத்தில் சீழ் வைத்தால் வெள்ளவத்தையில் யார் பார்ப்பார் என்பதற்கும் விடை வைத்துக்கொண்டே விமானச் சீட்டு எடுக்க வேண்டும்.

இதனால் மற்ற வைத்தியர் எவரும் அழகுச் சிகிச்சை செய்யக் கூடாதென்று ஆகாது. இமைக்குக் கண் சத்திரசிகிச்சை நிபுணரும், மூக்குக்குக் காது மூக்கு தொண்டை நிபுணரும், தோலுக்குத் தோல் நோய் நிபுணரும் தத்தம் எல்லைக்குள் தகுதியானவர்களே. மறுபுறம், வருடம் முழுவதும் கை விபத்துகளையே பார்க்கும் பிளாஸ்டிக் நிபுணர் மூக்குத் திருத்தத்தை அரிதாகவே செய்பவராக இருக்கலாம். ஆகவே ‘இதே சிகிச்சையை எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள், பிழையாகிப்போனால் என்ன செய்வீர்கள்?’ என்று நேரடியாகவே கேளுங்கள். முகம் சுளிக்கும் வைத்தியரை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஊசிதானே என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முகச் சுருக்கத்தை நிரப்பும் ஃபில்லர் தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஹயலுரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசி போடுபவர் வைத்தியரா, சலூன் பணியாளரா என்பதையும் பாருங்கள்.

கத்தி வைக்கும் சிகிச்சையென்றால் இடமும் முக்கியம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், நிலைமை மோசமானால் எந்த வைத்தியசாலையின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள் என்பதைக் கேட்டு அறியுங்கள். கொழுப்பு உறிஞ்சுதலில் ஒரே தடவையில் 5 லீற்றருக்கு மேல் எடுப்பது பெரிய அளவாகக் கருதப்படுகிறது, அதன்பின் இரவு தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டும். மாலையே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அவ்வளவையும் எடுக்கும் இடத்தைத் தவிருங்கள்.

காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்த அனுபவம் உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நம்மவர் தோலில் கீலாய்ட் தழும்பு உண்டாகும் வாய்ப்பு அதிகம். புகைப்பவரானால் காயம் ஆறத் தாமதமாகும், எனவே பல வாரங்களுக்கு முன்னரே நிறுத்தச் சொல்வார்கள். கட்டண விபரத்தை எழுத்தில் வாங்கும்போது, திருத்தச் சிகிச்சை தேவைப்பட்டால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.