நாலே நாலு போல்ட்டுக்காக: பழைய செவர்லேயின் ஸ்டீரிங் தூணைப் பிரித்துப் பூட்டுவது

காரில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்டீரிங்கைப் பிடித்து உடம்பை இழுப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். ஐம்பது வருடம் அப்படி இழுபட்ட ஸ்டீரிங் என்னவாகும் என்று தெரிய என் 1972 செவர்லே செவெல்லில் உட்கார்ந்தாலே போதும். வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், விழப்போகும் பல் மாதிரி தலைப்பகுதி மொத்தமும் ஆடியது. மிச்சிகன் குளிர்காலத்தில் வண்டி எப்படியும் ஷெட்டில்தான் நிற்கும். அந்தச் சமயத்தில் பிரித்துப் பூட்டினேன். முதல்முறை செய்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

பெயர் விஷயம் ஒன்று. ஸ்டீரிங் வீலைத் தாங்கி நிற்கும் குழாய்க்கான ஆங்கிலச் சொல்லை (column) அப்படியே 'காலம்' என்று எழுதினால் 'காலத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்' என்று தத்துவமாகிவிடுகிறது. அதனால் 'தூண்' என்றே எழுதுகிறேன். உள்ளே சுழல்வது தண்டு.

இங்கே சொல்வது ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்த டில்ட் தூண், அதாவது வீலை மேலும் கீழும் சாய்க்கும் வசதி உள்ளது. 1969 மாடலில் சாவித் துவாரம் டாஷ்போர்டிலிருந்து தூணுக்கு வந்தது. அதன்பின் எண்பதுகள் வரை உள் அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்), ஜீப் வண்டிகளிலும் இதே குடும்பத்துத் தூணைப் பார்க்கலாம்.

எங்கே ஆட்டம்?

ஸ்பேனரைத் தொடும் முன் இதைக் கண்டுபிடியுங்கள். தலைப்பகுதி முழுவதும் வீலோடு சேர்ந்து ஆடினால், உள்ளே ஆழத்தில் இருக்கும் நாலு போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. டில்ட் தூணில் அடிக்கடி வரும் கோளாறு இதுதான். தலை அசையாமல் வீலும் தண்டும் மட்டும் ஆடினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். தூண் முழுவதும் அசைந்தால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு நட்டுகளை இறுக்கிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் வேலை முடியலாம். வீல் திரும்பியும் டயர் உடனே திரும்பவில்லை என்றால், கீழே ஸ்டீரிங் பெட்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்-துணி வட்டு கிழிந்திருக்கலாம். அல்லது பெட்டியே தேய்ந்திருக்கலாம். அதற்குத் தூணைப் பிரித்துப் பயனில்லை.

சுத்தியலை எடுத்து ஒளித்து வையுங்கள்

பழைய கார்களில் முன்னால் மோதினால் ஸ்டீரிங் தண்டு ஈட்டி மாதிரி ஓட்டுநரின் நெஞ்சுக்கு வரும். அதைத் தடுக்க 1967 மாடல்களில் நசுங்கும் தூணை ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இது சட்டம்: மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் தூண் 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக்கூடாது.

இதற்காகத் தண்டை இரண்டு துண்டாகச் செய்து, ஒன்றை ஒன்றுக்குள் செருகி, உருக்கிய பிளாஸ்டிக்கைத் துளைகளில் செலுத்திப் பிணைத்திருக்கிறார்கள். மோதும்போது அந்தப் பிளாஸ்டிக் முளைகள் உடைந்து தண்டு உள்வாங்கும். தண்டின் நுனியில் நீங்கள் சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் அதேதான் நடக்கும். தூணைச் செங்குத்தாகக் கீழே போட்டாலும், தொங்கவிட்டு அதன்மேல் சாய்ந்தாலும் அப்படியே. வீல் வரவில்லை என்றால், அதைத் திருகி இழுத்தெடுக்கும் கருவியான புல்லர்தான் ஒரே வழி.

புல்லரோடு வேண்டியவை: பூட்டுத் தட்டை (ஸ்டீரிங் லாக் பிடித்துக்கொள்ளும் தட்டு) அமுக்கும் கருவி, தலைப்பகுதி சாயும் அச்சான டில்ட் முளைகளை இழுக்க ஒரு 8-32 அளவு ஸ்குரூ, அந்த நாலு போல்ட்டுக்கு ஈ8 அளவு டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) சாக்கெட், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நீல நிறத் திரெட் லாக்கர், கிரீஸ், ஐந்தடி நூல். நூலை மறக்காதீர்கள். நான் மறந்துபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். கேமரா எப்படியும் உங்கள் பையில் இருக்கும், ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம் எடுங்கள்.

மேலிருந்து கீழே

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டயர்களை நேராக நிறுத்துங்கள். ஹாரன் மூடியை எடுத்து நடு நட்டைத் தளர்த்துங்கள். அப்போது ஸ்டீரிங் லாக்கை நம்பி வீலை எதிர்த்துத் திருகக்கூடாது, உள்ளே பூட்டு முளைக்குக் கேடு. சாவியால் லாக்கை விடுவித்துவிட்டு வீலைக் கையால் பிடியுங்கள். வீலுக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்ட பிறகு புல்லரை மாட்டுங்கள். வீலின் நடுவில் இருக்கும் இரண்டு துளைகளில் 5/16-18 போல்ட்டுகள் ஏறும்.

அடுத்து பிளாஸ்டிக் மூடி, அதற்குக் கீழே பூட்டுத் தட்டு. அடியில் ஒரு ஸ்பிரிங் அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். தண்டைச் சுற்றிய கம்பி வளையம்தான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அமுக்கும் கருவியால் தட்டைக் கொஞ்சம் இறக்குங்கள், வளையம் தெரிந்தால் போதும். வளையத்தை நெம்பி எடுத்தபின் கருவியை மெதுவாகத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் எல்லாம் முகத்துக்கு வரும். பழைய வளையத்தை மறுபடி போடாதீர்கள், புதியது மிக மலிவு.

தட்டு, சிக்னலை அணைக்கும் பிளாஸ்டிக் கேம், ஸ்பிரிங் மூன்றையும் எடுத்தால் சிக்னல் சுவிட்ச் தெரியும். சிக்னல் கைப்பிடியையும் அபாய விளக்குக் குமிழையும் கழற்றி, சுவிட்சின் மூன்று ஸ்குரூக்களை எடுங்கள். இப்போதுதான் நூல். சுவிட்சின் வயர்கள் தூணுக்குள் இறங்கி டாஷ்போர்டுக்கு அடியில் பிறைவடிவக் கனெக்டரில் முடிகின்றன. அதைப் பிரித்து, கனெக்டரை டேப்பால் ஒல்லியாகச் சுற்றி, நூலைக் கட்டிவிட்டு மேலே இழுங்கள். பூட்டும்போது இதே நூல் வயரை வந்த வழியே இறக்கும். நூல் இல்லாமல் நான் கம்பி, டார்ச், வசவு மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். மூன்றுமே வேலைக்காகவில்லை.

சாவிப் பூட்டை எடுக்க, 1978 வரையிலான மாடல்களில் சுவிட்ச் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பிளவு இருக்கிறது. மெல்லிய ஸ்குரூடிரைவரை அதில் விட்டு உள்ளே இருக்கும் நாக்கை அமுக்கினால் பூட்டு வெளியே வரும். 1979க்குப் பின் அங்கே ஒரு ஸ்குரூ. சாவி எச்சரிக்கைச் சுவிட்சை அதன் கிளிப்போடு சேர்த்து முன்பே எடுத்துவிடுங்கள், கிளிப் தனியாகத் தூணுக்குள் விழுந்தால் தேடுவது பெரும்பாடு.

தூணை இறக்குவது

போல்ட்டுகளை மட்டும் இறுக்கவேண்டும் என்றால் தூண் வண்டியிலேயே இருக்கலாம். முழுமையாகச் செய்ய மேசைக்குக் கொண்டுபோவதே நல்லது. கீழே இணைப்பு வட்டுக்கு அடையாளக் கோடு போட்டுப் பிரியுங்கள். கியர் இணைப்புக் கம்பி, இக்னிஷன் வயர், தரையில் இருக்கும் தகடு, கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியில் இரண்டு நட்டு. அந்த நட்டைக் கழற்றும்போது இன்னொருவர் தூணைத் தாங்கட்டும். என் மனைவி தாங்கினார். "இந்த வண்டி ஓடுமா, இல்லை இதுதான் அதன் வேலையா?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அந்த நாலு போல்ட்டு

டில்ட் கைப்பிடியால் தலையை உச்சிக்கு உயர்த்துங்கள். பெரிய டில்ட் ஸ்பிரிங்கின் மூடியில் ஸ்குரூடிரைவரை வைத்து, உள்ளே அமுக்கியபடியே எதிர்க்கடிகாரத் திசையில் எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். அழுத்தத்தை விடாமல் வெளியே கொண்டுவாருங்கள். தலையை நடுநிலைக்கு இறக்கி, இரண்டு பக்கமும் இருக்கும் டில்ட் முளைகளை எடுங்கள். 8-32 ஸ்குரூவை ஒரு சிறிய சாக்கெட் வழியாக முளைக்குள் ஏற்றி, அதிலிருக்கும் நட்டை இறுக்கினால் முளை சாக்கெட்டுக்குள் வந்துவிடும். பிறகு டில்ட் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே தலையைத் தூக்கி, கொஞ்சம் இடதுபுறம் நகர்த்துங்கள். உள்ளே இக்னிஷன் கம்பியை இயக்கும் பல்சட்டம் விடுபட்டுத் தலை கையோடு வரும்.

அங்கே, தலையைத் தாங்கியிருந்த பாகத்தின் முகத்தில், அந்த நாலு போல்ட்டுகள். என் வண்டியில் இரண்டை விரலால் திருக முடிந்தது! இத்தனை பாகங்களைக் கழற்றியது இதற்காகவா என்று தோன்றும். ஆமாம், இதற்காகத்தான். ஒவ்வொன்றாக எடுத்து, திரெட்டை ஆல்கஹாலால் துடைத்து, ஒரு துளி திரெட் லாக்கர் விட்டு இறுக்குங்கள். சின்ன போல்ட்டுகள், ஆவேசப்பட்டால் முறிந்துவிடும்.

இவ்வளவு தூரம் வந்தபின் தண்டையும் மேல்வழியாக உருவுங்கள். மடங்கும் மூட்டில் இரண்டு அரைப் பிளாஸ்டிக் உருண்டைகளும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். மேல் தண்டை 90 பாகை மடக்கினால் பிரியும். பழைய பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கும், புதியதைக் கிரீஸ் தடவிப் போடுங்கள். பேரிங்குகளை விரலால் சுற்றிப் பாருங்கள், மணல் நெருடுவதுபோல் இருந்தால் மாற்றவேண்டும். கீழ்ப் பேரிங்கை யோசிக்காமலே மாற்றலாம். சாவி திரும்பியும் வண்டி ஸ்டார்ட் ஆகாத தொல்லை முன்பே இருந்திருந்தால், சாவிப் பூட்டு திருப்பும் சின்ன விசிறி வடிவப் பல்சக்கரத்தைப் பாருங்கள், பல் உடைந்திருக்கும்.

பிளாஸ்டிக் முளைகளைச் சோதிக்க, தண்டைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். கலகலத்தால் முளை உடைந்திருக்கிறது. அப்படிப்பட்ட தண்டு வண்டியைத் திருப்பத்தான் செய்யும், ஆனாலும் மாற்றிவிடுங்கள். வெல்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெல்டு வைத்த தண்டு மறுபடியும் ஈட்டிதான்.

பூட்டும்போது

கழற்றிய வரிசையைத் திருப்பிச் செய்யவேண்டும், புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கேமைப் போடும் முன் சிக்னல் சுவிட்ச் நடுநிலையிலும் அபாய விளக்குக் குமிழ் வெளியே இழுத்தபடியும் இருக்கட்டும், இல்லாவிட்டால் சுவிட்ச் நசுங்கும். புதிய கம்பி வளையம் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தூணை ஏற்றும்போது எல்லா நட்டுகளையும் தளர்வாக மாட்டி, கீழே இணைப்பு இழுபடாமல் நேராக நிற்பதைப் பார்த்தபின் இறுக்குங்கள். வீல் நட்டுக்கு 30 அடி-பவுண்டு, அதாவது சுமார் 41 நியூட்டன் மீட்டர்.

முன்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். டில்ட்டின் ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை. சிக்னல் தானாக அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா, சாவியை எடுத்ததும் வீல் பூட்டிக்கொள்கிறதா, ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் காலியான பார்க்கிங்கில் மெதுவாக ஒரு சுற்று. மேசையில் ஒரே ஒரு வாஷர் மிஞ்சியிருந்தாலும் அந்தச் சுற்று வேண்டாம், முதலில் உட்கார்ந்து போட்டோக்களைப் புரட்டுங்கள்.