கண்ணை மூடினால் சுகம் என்று யார் சொன்னது?

ஒரு டிசம்பரில், ஓணான் ஜாதியைச் சேர்ந்த என் வளர்ப்புப் பிராணியான பியர்டட் டிராகனை ஏற்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன். சேலத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் துறுதுறுவென்று திரியும் ஜீவன், இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்ததும் அக்கா மடியில் அசையாமல் கிடந்தது. "எவ்ளோ சமத்து பாரு, என்கிட்ட நல்லா ஒட்டிக்கிச்சு" என்றாள் அக்கா. எனக்கும் பெருமை. உடம்பு கறுத்திருந்ததைக் கவனிக்கவே இல்லை. அது சமத்தும் இல்லை, பாசமும் இல்லை. குளிரில் விறைத்துப் போயிருந்தது.

ஊர்வன நம்மைப் போல உடம்புச் சூட்டை உள்ளுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். பியர்டட் டிராகன் வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மார்கழி ராத்திரி ஏற்காட்டில் அதில் பாதிகூட இருக்காது. அது கறுத்துப் போவதும் கிடைக்கிற சூட்டை இழுத்துக்கொள்ளத்தான். தெர்மாமீட்டரைப் பார்க்காமல் அதன் மனசைப் படிக்கப் பார்த்தது என் தவறு. நாம் செய்யும் மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை.

வாய் திறப்பதையே பாருங்கள். தொட்டியில் சூடு தரும் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்திருந்தால், கூடுதல் சூட்டை வெளியே தள்ளுகிறது. நகர்ந்துபோகக் குளிர்ந்த மூலை ஒன்று இருந்தால் கவலை வேண்டாம். ஆனால் சித்திரையில் மின்சாரம் போன மதியம், தொட்டி முழுக்க ஒரே சூடாக இருக்கும்போது அதே வாய்ப்பிளப்பு ஆபத்து. தாடி என்கிற தொண்டைத் தோல் கறுத்து உப்பி, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு வாயைத் திறந்தால் 'கிட்ட வராதே' என்று மிரட்டுகிறது. குளிர்ந்த இடத்திலும் தலையைத் தூக்கி வாயாலேயே மூச்சு விட்டால், மூக்கில் குமிழி வந்தால், சுவாசத் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். எல்லா கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை. யார் பார்ப்பார் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

அடுத்து, நாய் பூனைப் பாஷையை இவற்றின் மேல் ஏற்றுவது. தடவும்போது இகுவானா என்ற பெரிய பல்லி கண்ணை மூடினால் சொக்கிப்போய்விட்டது என்று நினைக்கிறோம். பல சமயம் அது தப்பிக்க வழியில்லாமல் உங்களைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறது. கையை எடுத்ததும் விலகி ஓடுகிறதா என்று பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும். பியர்டட் டிராகன் முன்னங்காலைத் தூக்கி 'டாட்டா' காட்டுவதை ரீல்ஸில் ரசிக்கிறோம். அது 'நான் உனக்கு அடங்கியவன், என்னை விட்டுவிடு' என்ற சைகை. அடிக்கடி காட்டினால், எதிரில் இன்னொரு டிராகனோ, கண்ணாடியில் தன் நிழலோ தெரிகிறதா என்று தேடுங்கள். லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லி வாலைத் தூக்கி மெதுவாக ஆட்டினால் எச்சரிக்கை. வால் நுனி மட்டும் படபடவென்று துடித்தால் இரையைப் பார்த்த உற்சாகம்.

தலையாட்டல் மட்டும் நமக்குப் புதிதில்லை. வேலி ஓணான் தலையாட்டி நிற்பதைப் பார்க்காத பிள்ளை உண்டா? அது தன் இடத்தைக் காக்கும் தோரணை. இகுவானாவும் அப்படித்தான். வேகமாகத் தலையை ஆட்டி, தாடைத் தோலை விரித்து, பக்கவாட்டில் திரும்பி நின்றால் அடுத்தது வாலடி. அதற்குப் பிறகும் கையை நீட்டினால், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்ற கதைதான்.

பால் பைத்தான் (Ball Python) என்ற மலைப்பாம்பு பந்தாகச் சுருண்டால் பயம், அதன் பெயரே அப்படி வந்ததுதான். கழுத்தை எஸ் போல மடித்து உங்களையே குறிவைத்தால் கொத்தத் தயார். கண் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப் போகிறது. அந்த நாட்களில் பார்வை மங்கும், சட்டென்று மிரளும், தூக்க வேண்டாம். தலையை முறுக்கி மேலேயே வெறித்துக்கொண்டிருந்தால் நரம்புக் கோளாறாக இருக்கலாம்.

சிவப்புக் காது ஆமை முன்னங்கால் நகங்களை இன்னொன்றின் முகத்தருகே நடுங்க வைப்பது பெரும்பாலும் ஆணின் காதல் முயற்சி. ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்போது வரும் 'உஸ்' கோபமில்லை, நுரையீரல் நசுங்கிக் காற்று வெளியேறும் சத்தம். ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், நிமோனியாவாக இருக்கலாம். சலித்துப்போனது என்று ஏற்காடு ஏரியிலோ சேலத்து மூக்கனேரியிலோ கொண்டுபோய் விட்டுவிடவும் கூடாது, நம் ஊர் ஆமைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதன் உடல்மொழியைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை.

அன்றைக்கு டிராகனைப் பெட்டியில் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நிறம் வெளுத்தது. அக்கா ஆசையாகக் கையை நீட்டினாள், தாடியை உப்பிக் காட்டியது.