சுனாமி மணலைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

தாய்லாந்தின் பிரா தொங் தீவில், பழைய மணல்மேடுகளுக்கு நடுவே நீர் தேங்கும் பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் குழி வெட்டி, சுவரைக் கரணையால் வழித்துவிட்டால் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெரியும். கறுப்பு, புல்லும் வேரும் மக்கிய மண். வெள்ளை, கடல் கொண்டுவந்து கொட்டிய மணல். மேலே கிடக்கும் வெள்ளை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. அதற்கு அடுத்தது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்தது. படத்தில் பார்த்தால் ‘இவ்வளவுதானா, நானே தோண்டிப் பார்த்துவிடுவேனே’ என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது.

முதலில் இடம். கடற்கரையிலேயே தோண்டுவது மணலுக்குள் மணலைத் தேடுவதாகும். வயலில் தோண்டினால் ஏர் எப்போதோ எல்லாவற்றையும் புரட்டிப் போட்டிருக்கும். பிரா தொங் பள்ளங்கள் ஈரமானவை, அலையடிக்காதவை. வந்து விழுந்த மணலின்மேல் மக்கிய மண் படிந்து மூடிக்கொண்டது. இப்படிப்பட்ட இடம் எல்லாக் கரையிலும் கிடைக்காது. தாய்லாந்தில் 2004 படிவுகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், மெல்லிய அடுக்குகள் மழையிலும் வேரிலும் சில ஆண்டுகளிலேயே அடையாளம் இழந்ததைக் கண்டார்கள். ஆகவே, ‘குழியில் மணல் இல்லை, இங்கே சுனாமி வந்ததே இல்லை’ என்று எழுதுவது துணிச்சலே தவிர ஆய்வல்ல.

மணல் கிடைத்ததும் சுனாமி என்று கூவுவது அடுத்த தவறு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல். கடல் கரையேறியது அங்கும்தான். புயல் மணிக்கணக்கில் அடிக்கும். சில நொடிகளுக்கு ஓர் அலை, ஒவ்வொன்றும் மெல்லிய ஏடு ஏடாக மணலைச் சேர்க்கும். சுனாமியில் வருவது சில பெருக்குகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் நிமிடக்கணக்கில் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். போகிற போக்கில் தரையைப் பெயர்த்துக்கொண்டு போவதால் மணலுக்குள் களிமண் கட்டிகள் சிக்கியிருக்கும், அடியில் புல் ஒரே திசையில் சாய்ந்து படுத்திருக்கும். கீழே பருமணல், மேலே பொடிமணல். இவற்றில் எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. புயலும் சில நேரம் இதே கைவரிசையைக் காட்டும். அதே கரையில் புயல் விட்டுச்சென்றது என்று உறுதியாகத் தெரிந்த படிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பலர் அந்த வேலையைச் செய்வதில்லை.

கடல் நுண்ணுயிரிகளின் ஓடுகளும் அப்படித்தான். மணல் கடலிலிருந்து வந்தது என்பதை அவை காட்டும்; எந்த அலை கொண்டுவந்தது என்பதைக் காட்டாது. அமிலத்தன்மை கொண்ட சேற்று மண்ணில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்தே போய்விடும் என்பதால், ஓடு இல்லை என்பதும் பெரிய செய்தி அல்ல.

கார்பனை அளந்து காலம் கணிக்கும்போது மணலுக்குள் இருக்கும் கிளிஞ்சலை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புபவர்கள் உண்டு. அந்தக் கிளிஞ்சல் கடலடியில் எத்தனை காலம் கிடந்ததோ! போதாததற்கு, கடல்நீரில் உள்ள பழைய கார்பனால் அதன் வயது சுமார் 400 ஆண்டு கூடுதலாகவே தெரியும். அதைத் திருத்த வேண்டும். மணலுக்குச் சற்றுக் கீழும் மேலும் உள்ள இலை, விதை போன்றவற்றைத் தேடுவது நல்லது. சம்பவம் இரண்டு வயதுகளுக்கும் இடையே மாட்டிக்கொள்ளும்.

தமிழ் வாசகர்களுக்கென்று தனியாக ஒரு சறுக்கல் இருக்கிறது. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் சுனாமி விட்டுச்சென்றதாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதும் மணல் அடுக்கு ஒன்றும் கிடைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த அடுக்கின் வயது ஏறத்தாழ 1000 ஆண்டு, அதாவது சோழர் காலம். மணிமேகலை அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. காப்பியம் சொல்லும் கடல்கோளுக்கு இந்த மணலைச் சாட்சியாக அழைக்க முடியாது.

மிக அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு, மணல் நின்ற இடத்தில் நீரும் நின்றது என்று கொள்வது. ஜப்பானின் செண்டாய் சமவெளியில் 869-ஆம் ஆண்டு ஜோகன் சுனாமியின் மணல் 2011-க்கு வெகுமுன்பே கண்டறியப்பட்டிருந்தது. 915-இல் தொவாடா எரிமலை கக்கிய சாம்பல் அதற்குச் சற்று மேலே கோடு போட்டதுபோல் கிடப்பதால் வயதில் குழப்பமில்லை. மணல் எட்டிய தொலைவைக் கொண்டு, அந்தச் சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்தின் அளவை 8.4 என மதிப்பிட்டிருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று அதே சமவெளியில் நீர் சுமார் 4.5 கிலோமீட்டர் உள்ளே போன ஓரிடத்தில், அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்த மணல் சுமார் 2.8 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. அதற்கு அப்பால் படிந்தது பெரும்பாலும் மெல்லிய சேறுதான். ஆயிரம் ஆண்டு கழித்து வயல் மண்ணிலிருந்து அந்தச் சேற்றை யார் பிரித்தறிவார்? ஜோகன் நிலநடுக்கம் குறைந்தது 8.6 இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் கணக்கைத் திருத்தினார்கள். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: 869-இல் கரைக்கோடு இன்றிருப்பதைவிடச் சுமார் ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. இன்றைய கரையிலிருந்து அளந்தால் கணக்கு மறுபக்கம் தவறும்.

சராசரிக்கு வருவோம். சுமத்ராவின் அச்சேயில் ஒரு கடற்கரைக் குகையில் வௌவால் எச்சமும் சுனாமி மணலும் மாறி மாறிப் படிந்திருக்கின்றன. 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை குறைந்தது 11 சுனாமிகள். சராசரி இடைவெளி சுமார் 450 ஆண்டு. ஆனால் ஒரு கட்டத்தில் 2,000 ஆண்டுக்கு மேல் அமைதி, இன்னொரு கட்டத்தில் ஒரே நூற்றாண்டுக்குள் பல சுனாமிகள். அந்த 450-ஐ வைத்து அடுத்ததற்கு நாள் குறிக்க முடியாது.

அச்சேயில் கிடைத்த மற்றொரு மணல் அடுக்கு கி.பி. 1290–1400 காலத்துக்குச் சற்றுப் பின் வந்தது. பிரா தொங்கின் இரண்டாவது வெள்ளைக் கோட்டோடு வயது ஏறக்குறையப் பொருந்துவதால் இரண்டும் ஒரே அலை என்று முடித்துவிடத் தோன்றும். ஆனால் சுமத்ராவை ஒட்டிய சிமலுவே தீவின் பவளங்கள், ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, 1394 வாக்கில் ஒன்றும் 1450 வாக்கில் ஒன்றுமாக இரண்டு நிலநடுக்கங்களைக் காட்டின. மணலின் கார்பன் வயதோ அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்குக் கூர்மையானதல்ல.