தைப்பனியில் இறுதிப் போட்டியா? ஊர்க் கால்பந்துக்கு நாள் குறிக்கும் முறை

காவிரி டெல்டாவில் கால்பந்துப் போட்டி நடத்தும் கமிட்டிகளில், வரவு செலவுக்கு அடுத்தபடியாக அதிக வாக்குவாதம் நடப்பது இறுதிப் போட்டியின் தேதியைப் பற்றித்தான். பொங்கலுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று ஒரு தரப்பு சொல்லும். பனியில் ஆடினால் ஆட்டம் கெடும், மாசிக்குத் தள்ளலாம் என்று மறுதரப்பு சொல்லும். அப்படியொரு கமிட்டியில் எட்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், எதை முதலில் பார்த்து எதைப் பிறகு முடிவு செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்கக் கால்பந்து வேறு ஆட்டம் என்றாலும், குளிரில் திறந்தவெளியில் இறுதிப் போட்டி வைக்கலாமா என்ற கேள்வியை அவர்களைப் போல் அடித்துத் துவைத்தவர்கள் இல்லை. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரில் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை சுமார் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். தலைமை நடுவரின் விசில் உதட்டோடு உறைந்து ஒட்டிக்கொண்டதால், நடுவர்கள் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தி முடித்தார்கள். அன்று ஆட்டக்காரர்களை அதிகம் படுத்தியது தரைதான். அடியில் சூடேற்றும் கம்பிகள் பதித்த மைதானத்தின் மேல் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார்கள். பாயை எடுத்ததும், அதன் அடியில் சேர்ந்திருந்த ஈரம் அப்படியே உறைந்து காலுக்குப் பிடிமானம் இல்லாமல் செய்துவிட்டது. பிறகு 2014 பிப்ரவரி 2 அன்று, குளிர்ப் பகுதியில் கூரையில்லாத அரங்கில் முதன்முறையாக, அந்த ஆட்டத்தின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் நியூ ஜெர்சியில் நடந்தது. வானிலை மோசமானால் நாளை மாற்றவும் ஏற்பாட்டாளர்கள் திட்டம் வைத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியபோது சுமார் 9 டிகிரி இருந்தது, குறையில்லாமல் முடிந்தது, மறுநாளே அங்கே பனி கொட்டியது. கால் ஊன்றி நிற்குமா, பந்து தரையில் ஓடுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்ற பதில் இருந்தால் குளிரில் தாராளமாக ஆடலாம் என்பதே என் கட்சி.

நம் பக்கத்தில் மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஓடுகிறவனுக்கு அது சுகமான குளிர். ஆனால் ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று பெரியவர்கள் சொன்னதில் முதல் பாதியைக் கமிட்டிக்காரர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். டெல்டாவின் தரை பெரும்பாலும் களி. களியின் மேல் பனி இறங்கினால் அரை அங்குலம் மட்டும் நெகிழ்ந்து, அடியில் கட்டாந்தரையாகவே இருக்கும். நடந்து பார்த்தால் தெரியாது. ஓடி வந்து திரும்பும்போதுதான் தெரியும்.

இதை நாங்கள் கற்றது ஒரு தை மாத இறுதிப் போட்டியில். மாலை நாலு மணி என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். சிறப்பு விருந்தினர் வந்து சேர ஆறரை ஆகிவிட்டது. கைகுலுக்கல், பொன்னாடை எல்லாம் முடிந்து ஏழரைக்கு விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் தொடங்கியது. இடைவேளைக்குள் கோல் எல்லைக்கு முன்னாலிருந்த தரை வாழைப்பழத் தோல் போலாகிவிட்டது. சாதாரணமாக உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்த கோல்கீப்பர் இரண்டு காலும் ஒருசேரப் பின்னால் போய் முகம் குப்புற விழ, பந்து அவர் முழங்கையில் பட்டு உள்ளே போனது. அந்த ஒரு கோலில்தான் கோப்பை முடிவாயிற்று. போதாததற்குச் சுற்றிலும் பால் பிடிக்கும் பருவத்தில் சம்பா நின்றதால், பச்சைத் தத்துப்பூச்சிகள் விளக்கைத் தேடி வந்து கண்ணிலும் வாயிலும் விழுந்துகொண்டிருந்தன. நெல் நிற்கிற காலத்தில் வயலோரம் விளக்கு போட்டு ஆடுவதை அன்றோடு விட்டோம்.

ஆகவே முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆடியில் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறை என்பது வசதி, வெயில் என்பது தண்டனை. 2022 உலகக் கோப்பையையே வெயிலுக்கு அஞ்சி நவம்பர், டிசம்பருக்கு மாற்றி, இறுதிப் போட்டியை டிசம்பர் 18 அன்று கத்தாரில் நடத்தினார்கள். என் கணக்கில் மாசியின் முதல் பாதிதான் நமக்கு வாய்ப்பான காலம்: அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும், தரை இறுகியிருக்கும், பொதுத்தேர்வும் தொடங்கியிருக்காது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அறுத்த வயல்தானே, ஆடிக்கொள்ளலாம் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே பயிருக்குள் உளுந்து, பயறு தெளித்திருப்பார்கள். வயல்காரரைக் கேட்காமல் கோல் கம்பம் நட்டால் இறுதிப் போட்டி பஞ்சாயத்தில்தான் நடக்கும்.

பொங்கலை விடவே முடியாது என்றால், நேரத்தை மாற்றுங்கள். தை மாதத்தில் சூரியன் ஆறு மணிக்குச் சற்றுப் பின் மறையும். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்: 90 நிமிட ஆட்டம், 15 நிமிட இடைவேளை, காயத்துக்கும் மற்றதற்குமாகச் சேரும் சில நிமிடங்கள், சமன் ஆனால் 30 நிமிடக் கூடுதல் நேரம், அதற்கும் மேல் பெனால்டி. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். அதாவது 3:15-க்கு விசில் ஊதினால், பனி இறங்குவதற்கு முன், விளக்கே இல்லாமல் எல்லாம் முடிந்துவிடும். பொன்னாடைகளைப் பரிசளிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். விருந்தினர் எத்தனை மணிக்கு வந்தாலும் ஆட்டம் காத்திருக்காது என்பதை அழைக்கப் போகும்போதே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

இரவில்தான் ஆட வேண்டிய நிலை என்றால், இரண்டு நாள் முன்னதாக, ஆட்டம் நடக்கவிருக்கும் அதே நேரத்தில் மைதானத்துக்குப் போய்ச் சோதித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைத் துண்டைப் புல்லின் மேல் கோல் எல்லையிலிருந்து நடுக்கோடு வரை இழுத்துச் சென்று முறுக்குங்கள். சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தால் அங்கே இரவு ஆட்டம் வேண்டாம். புல் இல்லாத இடத்தில் குதிகாலை அழுத்தித் திருப்பி, பெயர்ந்த மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் ஆடலாம், திரியாகத் திரண்டால் ஆடக்கூடாது. இதை இரண்டு கோல் எல்லைகளிலும் நடுவிலும் தனித்தனியே செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரமான மைதானம் ஆட்டத்தின் பாதி நேரத்துக்கு ஓர் அணியை வஞ்சிக்கும். ஈரத்துக்குப் பயந்து முதல் நாளே தார்ப்பாய் போர்த்தும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. மழைக்கு அது சரி. மழை விட்டதும் பாயை எடுத்து வெயில் காட்டாவிட்டால், மண்ணின் வியர்வை அடியிலேயே தேங்கி, கிரீன் பே கதை பனிக்கட்டி இல்லாமல் நம் ஊரிலும் நடக்கும். உமி கொட்டுவதும் பயனில்லை. அது ஈரத்தை மறைக்குமே தவிரக் காலுக்குப் பிடி தராது. காய்ந்த மணலை மெல்லிதாகத் தூவுங்கள்.

பந்துக்கும் குளிர் உண்டு. விதிப்படி உள்ளழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை இருக்கலாம். பகலில் 34 டிகிரியில் 0.8 அளவுக்குக் காற்றடித்த பந்து, இரவு 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 0.73-க்கு இறங்கிவிடும். விதிக்குள்தான் இருக்கிறது என்றாலும் பனியில் நனைந்த பந்து அதோடு சேர்ந்து மந்தமாகிவிடும். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் மைதானத்திலேயே காற்றைச் சரிபார்த்து, மாற்றுப் பந்துகள் இரண்டைத் துணியில் சுற்றிக் கோட்டுக்கு வெளியே வையுங்கள்.

கடைசியாக, நோட்டீஸ் அச்சடிக்கும்போதே எழுத வேண்டியவை. பாதியில் கைவிடப்பட்ட ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடியும் ஆட வேண்டும் என்பதே கால்பந்து விதி. போட்டியின் தனி விதியோ ஏற்பாட்டாளர்களோ வேறு விதமாகத் தீர்மானித்தால் மட்டும் விலக்கு. மழையாலோ தரையாலோ நின்ற ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று விரும்பினால், அதை முன்கூட்டியே எழுதி இரு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு நடுவருடையது. கமிட்டித் தலைவர் மைக்கில் அறிவிப்பது அல்ல. மாற்று நாளையும் அதே நோட்டீஸில் போடுங்கள். பந்தல்காரரிடமும் மைக்செட்காரரிடமும் அந்த நாளுக்கும் சேர்த்தே பேசி முன்பணம் கொடுங்கள். கோப்பையில் தேதி பொறிக்க வேண்டாம். ஆண்டு மட்டும் போதும்.