அமெரிக்காவில் காற்றாலை நிறுவுவதற்கு முன் எஃப்.ஏ.ஏ.வுக்கு அறிவிப்பது எப்படி?

அமெரிக்காவில் தரைமட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் எழும் எந்தக் கட்டுமானமாயினும், அருகில் விமான நிலையம் இல்லாவிட்டாலும், அதை விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வுக்கு முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். மின்கட்டமைப்புக்காக இன்று நிறுவப்படும் காற்றாலைகள் எல்லாமே ஏறக்குறைய இந்த வரம்பைத் தாண்டியவைதான்.

இதற்குரிய 7460-1 படிவத்தை இணையவழியில், ஒவ்வொரு காற்றாலைக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டும். கட்டுமானம் தொடங்கும் நாள், கட்டுமான உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாள் ஆகிய இரண்டில் எது முந்தியதோ, அதற்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் அது போய்ச் சேர வேண்டும். ஆட்சேபம் எழுந்தால் பரிசீலனை மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், அடித்தள இடங்களை முடிவு செய்வதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

படிவத்தில் மிகுந்த கவனம் தேவைப்படுவது உயரக் கணக்கு. கோபுரத்தின் உயரத்தை அல்ல, இறக்கை நேர்மேலே நிற்கும்போது அதன் நுனி எட்டும் உயரத்தையே குறிப்பிட வேண்டும்: சுழல்மையம் 90 மீட்டரிலும் சுழல்வட்டத்தின் விட்டம் 120 மீட்டராகவும் இருந்தால், நுனி 150 மீட்டரை, அதாவது சுமார் 492 அடியை எட்டும். நுனி 499 அடியைத் தாண்டினால் விதிப்படி அது வான்வெளித் தடையாகக் கொள்ளப்பட்டு விரிவான ஆய்வுக்குப் போகும் என்பதால், அடித்தள மேட்டின் சில அடிகளையும் விடாமல் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சுழலும் இறக்கைகள் ரேடார் திரையில் பொய்யான எதிரொலிகளை உண்டாக்கக்கூடும். ஆகவே ராணுவத்தை நிர்வகிக்கும் பாதுகாப்புத் துறையும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும், எஃப்.ஏ.ஏ. இணையதளத்தில் உள்ள முன்சோதனைக் கருவியில் இடத்தை உள்ளிட்டு, ரேடார் சிக்கல் வர வாய்ப்புண்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அபாயம் இருக்கலாம் என்று முதல் கடிதம் வந்தாலே திட்டம் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. உயரத்தைக் குறைப்பது, இடத்தை நகர்த்துவது போன்ற மாற்றங்களைப் பேசித் தீர்க்கலாம். கட்டுமானத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் எஃப்.ஏ.ஏ.வுக்கு நேரடியாக இல்லை. ஆயினும் அதன் "அபாயமில்லை" என்ற தீர்மானம் இல்லாத திட்டத்துக்குக் கடனோ காப்பீடோ கிடைப்பது அரிது. அந்தத் தீர்மானமும் அசைக்க முடியாததல்ல: மாசசூசெட்ஸ் கடலில் 130 காற்றாலைகள் நிறுவவிருந்த கேப் விண்ட் திட்டத்துக்கு 2010இல் வழங்கப்பட்ட தீர்மானத்தை, 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது.

தீர்மானம் 18 மாதங்களுக்குச் செல்லும். நீட்டிப்பு வேண்டுமானால் அது காலாவதியாவதற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் கேட்க வேண்டும். காற்றாலை முழு உயரத்தை எட்டிய 5 நாட்களுக்குள் 7460-2 படிவத்தை அனுப்ப வேண்டும். அதன்பின் உச்சியிலுள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்கு 30 நிமிடங்களுக்கு மேல் எரியாமல் போனால், விமானிகளுக்கு எச்சரிக்கை வெளியிடுவதற்காக எஃப்.ஏ.ஏ.வுக்கு உடனே தகவல் தர வேண்டும்.