பழைய ஸ்பீக்கருக்கு ஃபோம் மாற்றியிருக்கிறார்களா? 30 ஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள்

ஃபோம் (கோன் எனும் கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள மெத்தென்ற வளையம்) மாற்றிய பழைய ஸ்பீக்கரைப் பாட்டுப் போட்டுச் சோதிக்காதீர்கள். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் இறக்கி, ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 30 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிடுங்கள். வூஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) கோன் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். வேலை சுத்தமென்றால் மெல்லிய முனகல்தான் வரும். சரசரவென்று உரசினால், பெரும்பாலும் கோனின் அடியில் ஒட்டியிருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் நடுவில் உட்காரவில்லை.

காயில் அசைவது காந்தத்துக்குள் உள்ள குறுகிய இடைவெளியில்; அங்கே அதற்கு இருபுறமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடமே உண்டு. ஃபோமை ஒரு பக்கம் இழுத்து ஒட்டினாலே உரசத் தொடங்கிவிடும். பாட்டில் டிரம்ஸும் குரலும் அந்த உரசலை விழுங்கிவிடும் (விற்பவர் சத்தமாகப் பாட்டுப் போட்டுக் காட்டுவது சும்மா இல்லை). தனியாக ஒலிக்கும் 30 ஹெர்ட்ஸில் அது ஒளிந்துகொள்ள இடமில்லை.

பெட்டியில் காற்றுத் துளை உள்ள ரகமானால், அதன் வழியே வரும் புஸ்ஸென்ற சத்தத்தை உரசல் என்று எண்ணிவிட வேண்டாம். வால்யூமை இன்னும் குறைத்துக் கேளுங்கள். தனியாகக் கழற்றிய ட்வீட்டருக்கு (உயர்ந்த ஒலிக்கான சிறிய ஸ்பீக்கர்) மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது, கெட்டுப்போகும்.