டூத் பிரஷ்ஷில் கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் எல்லார் பிரஷ்ஷும் நிற்கிற டம்ளரை ஒருமுறை எடுத்து உள்ளே பாருங்கள். அடியில் தேங்கிய தண்ணீர், கரைந்த பேஸ்ட், விரல் வைத்தால் வழுக்கும் ஒரு படலம். அந்த வழவழப்பில் இருப்பது பாக்டீரியாக் கூட்டம்தான். எங்கள் வீட்டில் நான்கு பிரஷ்ஷின் காம்பும் அதில்தான் ஊறிக்கொண்டிருந்தன. அந்தக் காம்பைப் பிடித்துத்தானே குழந்தைகளும் பல் தேய்க்கிறார்கள்!

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரஷ்ஷில் கிருமியே இல்லாமல் செய்ய முடியாது. கடையிலிருந்து வாங்கி வந்த புது பிரஷ்கூட கிருமி நீக்கப்பட்டது அல்ல. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு அதனால் பயமும் இல்லை. நாம் செய்ய வேண்டியது, இருக்கிற கிருமி பெருகாமல் பார்த்துக்கொள்வது. ஈரம் காய்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

1. பிரஷ்ஷைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள். பல் தேய்த்து முடித்ததும் பிரஷ்ஷை ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டி, கட்டை விரலால் நார்களை இப்படியும் அப்படியும் வளைத்துவிடுங்கள். பேஸ்ட்டும் உணவுத் துணுக்கும் தங்குவது நுனியில் அல்ல, நார் காம்போடு சேரும் அடியில். அங்கே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் இன்னும் கழுவ வேண்டும் என்று அர்த்தம்.

2. நன்றாக உதறுங்கள். வாஷ்பேசின் விளிம்பில் தட்ட வேண்டாம், விளிம்பில் இருக்கும் அழுக்கு பிரஷ்ஷுக்கு வந்துவிடும்.

3. தலை மேலே இருக்கும்படி நிமிர்த்தி, காற்றுபட வையுங்கள். ஒரு பிரஷ்ஷின் தலை இன்னொன்றின் மேல் சாயக் கூடாது. தனித்தனி ஓட்டை உள்ள ஸ்டாண்ட் மலிவாகவே கிடைக்கும். டம்ளரே போதும் என்றால் ஆளுக்கு ஒன்று வையுங்கள், வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

4. வைக்கும் இடம். இதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. ஃப்ளஷ் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மேலெழுந்து பக்கத்தில் இருக்கும் பொருட்கள் மேல் படியும். மூடி இருந்தால் மூடிவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள். இந்திய முறைக் கழிப்பறைக்கு மூடியே கிடையாது. அதனால் என் யோசனை, பிரஷ்ஷைக் குளியலறையை விட்டே வெளியே கொண்டுவந்துவிடுவது. சாப்பிடும் இடத்து வாஷ்பேசின் பக்கமோ ஜன்னல் ஓரமோ நல்லது, சீக்கிரம் காயும்.

5. மூடி போடாதீர்கள். சுத்தம் என்று நினைத்துத்தான் பலரும் பிளாஸ்டிக் மூடி மாட்டுகிறார்கள். ஈர பிரஷ்ஷை மூடினால் உள்ளே ஈரம் நிற்கும், கிருமிக்கு அதுதான் வேண்டும். ஊருக்குப் போகும்போது மாட்டலாம். போய்ச் சேர்ந்ததும் கழற்றி வெளியே வையுங்கள்.

6. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. வாங்கிய தேதியை மார்க்கரில் காம்பில் எழுதி வைத்தால் மறக்காது.

கொதிக்கிற தண்ணீரில் போடுவது, மைக்ரோவேவில் வைப்பது எல்லாம் வேண்டாம். நாரும் காம்பும் கெட்டுப்போகும். கீமோதெரபி எடுப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும், பிரஷ்ஷைக் கிருமிநாசினி மவுத்வாஷில் ஊறவைக்க வேண்டுமா, எவ்வளவு சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பிரஷ்ஷை இன்னொருவர் பயன்படுத்துவது கணவன் மனைவிக்குள்கூட வேண்டாம். ஈறில் கசியும் ரத்தம் நாரில் ஒட்டியிருக்கும்.

மழைக்காலத்தில் என்ன செய்தாலும் சில நாள் பிரஷ் காயாது. காலையில் தேய்த்தது ராத்திரியும் சில்லென்று இருக்கும். அதற்கு ஆளுக்கு இரண்டு பிரஷ் வைத்துக்கொள்ளலாம், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் காய 24 மணி நேரம் கிடைக்கும். நிறம் வேறு வேறாக வாங்குங்கள், தூக்கக் கலக்கத்திலும் மாறாது.